பிள்ளைகள் கேட்கும்போது: அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்று விழாவும் அருங்காட்சியகங்களும்

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டினர் என்று யோசுவாவின் நூலில் வாசிக்கிறோம். அக்கற்கள் அழகுக்காக நாட்டப்பட்டவை அல்ல. பின்வரும் தலைமுறையின் பிள்ளைகள் அவற்றைக் கண்டு, இவற்றின் பொருள் யாது என்று தம் தந்தையரை வினவ வேண்டும் என்பதற்காகவே நாட்டப்பட்டன. பஸ்கா ஆசரிப்பைக் குறித்து யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரமும் இதையே கூறுகிறது. பிள்ளை கேட்கும், பெற்றோர் விடை கூறவேண்டும். ஆகவே திருமறையின்படி வரலாறு அறிஞருக்கு மட்டும் உரிய செல்வமன்று. அது குடும்பத்தில் தொடங்கும் உரையாடல்.

அடிமைத்தனத்திலிருந்து மீண்ட வேறொரு மக்களும் இந்த உண்மையைத் தம் வாழ்வில் கண்டறிந்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் கறுப்பின மக்களின் வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அம்மாதத்தில் பெற்றோர் தம் பிள்ளைகளை ஊரிலுள்ள அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வதும், அங்கே கதை கேட்பதும், பாடுவதும், கைவேலை செய்வதும் இன்று பரவலான வழக்கமாகியுள்ளன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது விடுமுறைநாள் பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆயினும், இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், எழுத்தும் பெயரும் மறுக்கப்பட்ட ஒரு மக்கள், வீட்டிலும் ஆலயத்திலும் தம் நினைவைக் காத்துவந்த வரலாறு புலப்படும். அந்த அருங்காட்சியகங்கள் அவ்வீட்டின் விரிவே என்பதையும், அவ்வரலாறு திருச்சபைக்கு ஆறுதலோடு கண்டனத்தையும் சேர்த்தே தருகிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரு வாரத்தின் தோற்றம்

இவ்விழாவின் தந்தை கார்ட்டர் உட்சன் என்பவர். அவர் 1875-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில், முன்னாள் அடிமைகளாகிய பெற்றோருக்குப் பிறந்தார். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, இருபது வயதளவில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். எனினும் 1912-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். கறுப்பினத்தாருக்கு வரலாறே இல்லை என்னும் எண்ணம் கல்விக்கூடங்களிலும் நிலவிய காலம் அது. தனக்கு மரபே இல்லை என்று கற்பிக்கப்பட்ட இனம், உலகத்தின் எண்ணத்தில் இடமின்றிப் போகும் என்று உட்சன் அஞ்சினார். எனவே 1915-இல் சிகாகோ நகரில் நீக்ரோ வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் கழகம் ஒன்றை நிறுவினார்; அடுத்த ஆண்டே ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். 1921-இல் நீக்ரோ திருச்சபையின் வரலாற்றை நூலாக எழுதினார். 'நீக்ரோ' என்பது அக்காலத்தில் அம்மக்களே ஏற்று வழங்கிய பெயர்; பின்னர் அவர்களே அதைக் கைவிட்டனர்.

ஆய்விதழ் அறிஞரைச் சென்றடையும், பிள்ளைகளைச் சென்றடையாது. இதை உணர்ந்த உட்சன், 1926-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நீக்ரோ வரலாற்று வாரத்தை அறிவித்தார். ஆபிரகாம் லிங்கன் பிறந்த 12-ஆம் நாளும், பிரடெரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்ட 14-ஆம் நாளும் அவ்வாரத்தில் அடங்கின. இவ்விரு நாட்களையும் கறுப்பின மக்கள் தங்கள் சபைகளிலும் சங்கங்களிலும் ஏற்கெனவே நினைவுகூர்ந்து வந்தனர். உட்சன் புதிய விழாவொன்றை மேலிருந்து சுமத்தவில்லை. மக்களிடம் இருந்த விழாவுக்குக் கல்வியின் உள்ளடக்கத்தைத் தந்தார். ஒரு பெரிய மனிதரைப் போற்றுவதோடு நில்லாமல், ஓர் இனம் முழுவதும் உலகிற்கு ஆற்றிய பணியைக் கற்க வேண்டும் என்பதே அவர் கருத்து. படங்கள், பாடத் திட்டங்கள், சிறு நாடகங்கள் ஆகியவற்றைக் கழகம் ஆசிரியர்களுக்கு அனுப்பிவைத்தது.

டக்ளஸின் பிறந்தநாளைப் பற்றி ஒன்று குறிப்பிட வேண்டும். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த அவர் தாம் பிறந்த நாளை அறியார். குழந்தையாகிய தம்மைக் காண, அவருடைய தாய் வேறொரு பண்ணையிலிருந்து இரவில் பன்னிரண்டு மைல் நடந்து வந்து, விடியுமுன் திரும்பினார் என்று அவர் எழுதியுள்ளார். பிப்ரவரி 14 என்பது பின்னாளில் அவர் தமக்கென்று தெரிந்துகொண்ட நாள். பிறந்தநாள் பறிக்கப்பட்டவரின் பிறந்தநாளை ஒட்டி ஒரு வரலாற்று விழா அமைந்தது பொருத்தமே.

உட்சன் 1950-இல் மறைந்தார். அவருடைய வாரம் 1976-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான மாதமாக அறிவிக்கப்பட்டது. 1926-இல் விதைக்கப்பட்ட அவ்வித்து 2026-ஆம் ஆண்டில் நூறாண்டை எட்டியது.

2. ஏட்டில் இல்லாதது வீட்டில் இருந்தது

அருங்காட்சியகங்களில் குடும்பங்கள் விரும்பி ஈடுபடும் செயல்களுள் ஒன்று வம்சவரலாறு தேடுதல். கறுப்பினக் குடும்பமொன்று தன் முன்னோரைத் தேடத் தொடங்கினால், பெரும்பாலும் 1870-ஆம் ஆண்டில் ஒரு மதிலில் முட்டிக்கொள்ளும். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கில் அடிமைகள் தனிப்பட்டியலில், உரிமையாளரின் பெயருக்குக் கீழே, வயது, பால், நிறம் என்ற அளவிலேயே குறிக்கப்பட்டனர், பெயர் எழுதப்படவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தபின், 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் முதன்முறையாக இடம்பெற்றன. வம்ச அட்டவணைகளோடு தொடங்கும் நற்செய்தி நூலைக் கையில் வைத்திருக்கும் நமக்கு, பெயரின்றி எண்ணப்படுதலின் கொடுமையை விளக்கத் தேவையில்லை.

விடுதலை பெற்றவர்கள் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, விற்கப்பட்டுப் பிரிந்துபோன உறவினரைத் தேடியதாகும். அவர்கள் செய்தித்தாள்களில் அறிவிப்புகள் வெளியிட்டனர். நியூ ஆர்லியன்சு நகரில் மெதடிஸ்டு சபையார் வெளியிட்ட 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்னும் இதழில், 1877-ஆம் ஆண்டு முதல் 'தொலைந்த நண்பர்கள்' என்ற பகுதி வெளிவந்தது. தாயை, தந்தையை, உடன்பிறந்தாரை, அவர்கள் யாரிடம் எந்த ஊரில் விற்கப்பட்டனர் என்ற நினைவு ஒன்றையே அடையாளமாகக் கொண்டு, தேடி எழுதிய கடிதங்கள் அவை. அவற்றைப் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்குமாறு ஆயர்களுக்கு வேண்டுகோள் விடுக்கப்பட்டிருந்தது. சபை கூடும் நாளில் திருவசனத்தோடு, காணாமற்போனோரின் பெயர்களும் வாசிக்கப்பட்டன! நியூ ஆர்லியன்சின் வரலாற்றுக் காட்சியகமொன்று அக்கடிதங்களை இன்று எவரும் தேடிப் படிக்கும் வகையில் தொகுத்து வைத்துள்ளது. ஆயர் பணியின் வரலாற்றில் இது மறக்கத்தகாத ஓர் ஏடு என்பது என் கருத்து.

ஏட்டைவிடப் பொருள் பேசுவதும் உண்டு. தென் கரோலினாவில் ரோஸ் என்ற அடிமைத் தாயின் மகள் ஆஷ்லி ஒன்பதாவது வயதில் விற்கப்பட்டாள். பிரியும்போது தாய் மகளுக்கு ஒரு பருத்திப் பை கொடுத்தாள். அதில் கந்தலான ஓர் ஆடை, மூன்று கைப்பிடிப் பெக்கான் கொட்டைகள், தாயின் கூந்தலிலிருந்து ஒரு பின்னல் ஆகியவை இருந்தன. தன் அன்பு எந்நாளும் அப்பையில் நிறைந்திருக்கும் என்று தாய் சொன்னாள். அவர்கள் மீண்டும் சந்திக்கவேயில்லை. 1921-இல் ஆஷ்லியின் பேர்த்தி ரூத் மிடில்டன் இவ்வரலாற்றை அப்பையின்மேலேயே நூலால் தைத்தெழுதினாள். பின்பு குடும்பத்தாரின் கையை விட்டகன்ற அப்பை, 2007-ஆம் ஆண்டு பழம்பொருட் சந்தையொன்றில் கண்டெடுக்கப்பட்டது. 2016-இல் வாஷிங்டன் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. பாட்டி சொன்னதைப் பேர்த்தி தைத்திராவிடில், ஒரு கிழிந்த பை மட்டுமே எஞ்சியிருக்கும். பொருளுக்குப் பொருள் தருவது குடும்பத்தின் சொல்லே.

3. வரவேற்பறையிலிருந்து அருங்காட்சியகம் வரை

இத்தகைய பொருள்களை ஏற்றுக் காட்ட அக்காலத்துப் பெரிய அருங்காட்சியகங்கள் முன்வரவில்லை. ஆகவே மக்களே அருங்காட்சியகங்களை அமைத்தனர். சிகாகோ நகரில் பள்ளி ஆசிரியையும் ஓவியருமான மார்கரெட் பரோஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் சார்லஸுடன் சேர்ந்து, 1961-ஆம் ஆண்டில் தம் வீட்டின் கீழ்த்தளத்து அறைகளையே அருங்காட்சியகமாக்கினார். விருந்தினர் அமரும் அறையில் பள்ளிப் பிள்ளைகள் வந்து வரலாறு கற்றனர். அது பின்னர், சிகாகோவில் முதன்முதல் நிலையாகக் குடியேறிய கறுப்பினத்தவரான தூ சாப்லின் பெயரைப் பெற்று, 1973-இல் பூங்காவொன்றிலுள்ள பெரிய கட்டடத்திற்கு மாறியது. டெட்ராய்ட் நகரில் மருத்துவர் சார்லஸ் ரைட் 1965-இல் தொடங்கிய அருங்காட்சியகமும் ஒரு வீட்டிலேயே பிறந்தது.

ஆயர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய மற்றொருவர் ஜான் கினார்டு. அவர் இறையியற் கல்லூரியில் பயின்று, ஆப்பிரிக்க மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் சீயோன் சபையில் குருத்துவம் பெற்றவர். 1967-ஆம் ஆண்டு செப்டம்பரில், வாஷிங்டன் நகரின் ஏழ்மை மிக்க அனகோஸ்டியா பகுதியில், கைவிடப்பட்ட ஒரு திரையரங்கில், ஸ்மித்சோனியன் நிறுவனம் சிறிய அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. அருங்காட்சியகத் துறையில் முன்பயிற்சி எதுவுமில்லாத கினார்டு அதன் இயக்குநராக அமர்ந்து, 1989-இல் மறையும்வரை பணியாற்றினார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிய பொருள்கள் மட்டும் இருக்கவில்லை. 1890-களில் அப்பகுதியில் இருந்ததைப் போன்ற ஒரு கடை அமைக்கப்பட்டது. வெண்ணெய் கடையும் கருவி, காப்பிக்கொட்டை அரைக்கும் பொறி, தண்ணீர் இறைக்கும் அடிகுழாய் ஆகியவற்றைப் பிள்ளைகள் தம் கையாலேயே இயக்கிப் பார்க்கலாம். தொட்டுப் பார்த்தல் கல்விக்கு உகந்தது என்ற எண்ணம் அன்று அருங்காட்சியகத் துறைக்குப் புதிதே.

1969-இல் கினார்டு எலிகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார். அப்பகுதி வீடுகளில் எலித்தொல்லை மிகுதி. அதுவே மக்களின் அன்றாட வேதனை. எலி எவ்வாறு பெருகுகிறது, அதை எவ்வாறு தடுக்கலாம், நகராட்சி குப்பையை அகற்றாத தெருவில் யார் வாழ்கின்றனர் என்பனவெல்லாம் அக்காட்சியில் அடங்கின. அருங்காட்சியகம் என்பது பழம்பெருமையின் கூடம் மட்டுமா, அல்லது சுற்றி வாழும் மக்களின் இன்றைய பாட்டையும் பேசும் இடமா என்ற கேள்விக்கு அவர் அளித்த விடை இது. ஓர் ஆயரின் உள்ளத்தை நாம் இதில் காண்கிறோம். தன்னைச் சுற்றிலுமுள்ள தெருவை அறியாத சபை எப்படியோ, அப்படியே தன் தெருவை அறியாத அருங்காட்சியகமும்.

4. பாஸ்டன் நகரின் ஆலயம்

ஆலயமே அருங்காட்சியகமாகிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. பாஸ்டன் நகரில் பீக்கன் மேட்டின் வடசரிவில், 1806-ஆம் ஆண்டு கறுப்பின மக்கள் கட்டியெழுப்பிய ஆப்பிரிக்கக் கூடுமிடம் என்னும் பாப்திஸ்து ஆலயம் இருக்கிறது. அமெரிக்காவில் இன்றும் நிலைத்துநிற்கும் கறுப்பினத்தார் ஆலயக் கட்டடங்களுள் இதுவே மிகப் பழைமையானது. அதன் முதல் ஆயர் தாமஸ் பால். அங்கே வழிபாடும் நடந்தது; பள்ளியும் நடந்தது. 1832-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் இரவில், வில்லியம் லாயிட் காரிசன் என்பவர் தலைமையில் புதிய இங்கிலாந்து அடிமை ஒழிப்புச் சங்கம் அங்கேயே தோன்றியது. காலப்போக்கில் கறுப்பின மக்கள் நகரின் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர, அக்கட்டடம் யூதரின் தொழுகைக்கூடமாக மாறியது. 1972-இல் அது அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. 1855-ஆம் ஆண்டில் இருந்த தோற்றத்திற்கு மீட்டமைக்கப்பட்டு 2011-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

அதன் அருகில் 1835-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஏபியல் ஸ்மித் பள்ளிக் கட்டடம் உள்ளது. அங்கு வரும் பிள்ளைகளுக்குத் தம் வயதையொத்த சிறுமியின் கதை சொல்லப்படுகிறது. சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி, வெள்ளையர் பிள்ளைகள் படித்த ஐந்து பள்ளிகளைக் கடந்து, கறுப்பினத்தாருக்கென ஒதுக்கிய இப்பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. அச்சகம் நடத்திவந்த அவளுடைய தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் நகராட்சியின்மேல் வழக்குத் தொடுத்தார். கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிஸும் சார்லஸ் சம்னரும் அவருக்காக வாதாடினர். 1850-இல் வழக்கு தோற்றது. அத்தீர்ப்பே பின்னர் 1896-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இனப்பிரிவினையைச் சட்டபூர்வமாக்கியபோது மேற்கோளாகக் காட்டப்பட்டது. ஆயினும் தந்தையார் ஓயவில்லை. 1855-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பொதுப் பள்ளிகளில் இனப்பிரிவினையைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. இன்று குடும்பங்கள் பாரம்பரியத் தடத்தின் வழியே அத்தெருக்களில் நடந்து, இறுதியில் இவ்விரு கட்டடங்களையும் அடைகின்றன. சிறுமி ஒருத்தியின் நடைத்தூரத்தைத் தம் கால்களால் அளந்து அறியும் பிள்ளை, இனப்பிரிவினை என்னும் சொல்லின் பொருளை எளிதில் மறவாது.

பாஸ்டன் நகரத்தின் இத்தடங்களை வரைபடமாக்கி 1960-களின் முற்பகுதியில் மக்கள்முன் வைத்தவர் சூ பெய்லி தர்மன் என்னும் அம்மையார். அவர் கணவர் ஹோவர்டு தர்மன் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தின் ஆலயத்தில் குருவாகப் பணியாற்றிய இறையியலாளர். இவ்விருவரையும் குறித்துப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

5. பிள்ளைகளின் கையில் வரலாறு

விழா மாதத்தில் அருங்காட்சியகங்களில் பிள்ளைகள் செய்யும் வேலைகள் எளியவை. ஆனால் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களுடைய அடின்க்ரா குறிகளைப் பிள்ளைகள் தாளிலோ துணியிலோ அச்சிடுவர். அவற்றுள் சன்கோபா என்பது முன்னோக்கி நடந்துகொண்டே பின்னோக்கிப் பார்க்கும் பறவையின் உரு. விட்டுவந்ததைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்வது தவறன்று என்பது அதன் கருத்து.

ஒட்டுத்துணிப் போர்வையைப் போலத் தாளில் வண்ணத் துண்டுகளை ஒட்டுவது மற்றொரு வேலை. இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுபவர் ஹாரியட் பவர்ஸ். 1837-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த அவர், ஆதாம் ஏவாள், யாக்கோபின் கனவு, ஆண்டவரின் திருமுழுக்கு, சிலுவைப்பாடு முதலிய காட்சிகளைத் துணியில் வெட்டித் தைத்து ஒரு திருமறைப் போர்வையை உருவாக்கினார். வறுமையின் காரணமாக அதை ஐந்து டாலருக்கு விற்க நேர்ந்தது. விற்றபின்பும் அதைக் காண அவர் பலமுறை வந்தாராம். இன்று அது வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அவருடைய மற்றொரு போர்வை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. இறையியலாளர் வரிசையில் அவர் பெயரை எவரும் சேர்ப்பதில்லை. எனினும் திருமறைக்கு ஊசியால் விளக்கவுரை எழுதியவர் அவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தப்பியோடிய அடிமைகளுக்குப் போர்வைகளின் வடிவங்கள் இரகசியக் குறிகளாக வழிகாட்டின என்ற கதை பிள்ளைகளிடையே மிகவும் பரவியுள்ளது. வரலாற்றறிஞர் பலர் அதற்குச் சான்று இல்லை என்று காட்டியுள்ளனர். கதை இனியது, ஆனால் உண்மையை ஒடுக்கியோருக்கு எதிராக எழும் வரலாறு, தானும் உண்மையை விட்டு விலகலாகாது. ஹாரியட் பவர்ஸின் மெய்வரலாறு இருக்கும்போது புனைகதைக்குத் தேவையும் இல்லை.

துயரத்தைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லலாம் என்பது பெற்றோர் எல்லாருக்கும் எழும் கேள்வி. முழுவதும் மறைத்தால் அது பொய்யாகும். முழுவதையும் கொட்டினால் பிள்ளையின் மனம் நொறுங்கும். நல்ல அருங்காட்சியகங்கள் ஒரு நடுவழியைக் கண்டுள்ளன. அவை பிள்ளையின் முன் ஒரு பிள்ளையை நிறுத்துகின்றன. இண்டியானாபொலிஸ் நகரின் குழந்தைகள் அருங்காட்சியகத்தில், 1960-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்சில் ஆறு வயதில் வெள்ளையர் பள்ளிக்குள் தனியாக நுழைந்த ரூபி பிரிட்ஜஸின் வரலாறு காட்சியாக அமைக்கப்பட்டுள்ளது. வெளியே கூச்சலிட்ட கூட்டத்திற்காக அச்சிறுமி மன்றாடினாள் என்பது பலரும் அறிந்த செய்தி. பகைவருக்காக மன்றாட வேண்டும் என்ற கட்டளையை அவள் தன் வீட்டிலும் சபையிலும் கற்றிருந்தாள்.

அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாளில் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கல்லூரி மாணவர், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய கடையில் அமர்ந்து அமைதியாக அறப்போர் தொடுத்தனர். அவர்கள் அமர்ந்த மேசையின் ஒரு பகுதி இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னிலையில் நடிகர் ஒருவர் பார்வையாளரைப் பயிற்சி பெறும் மாணவராக்கி, உன்னை ஒருவன் வசைபாடினால், தள்ளினால் என்ன செய்வாய் என்று வினவும் நிகழ்ச்சி 2008-ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டது. தந்தையும் மகனும் அருகருகே நின்று அவ்வினாவுக்கு விடை தேடும்போது, வரலாறு வேறொருவருடைய கதையாக நின்றுவிடுவதில்லை.

6. திருச்சபைக்கு எழும் வினா

இதுவரை திருச்சபையின் நற்பணிகளையே மிகுதியும் கண்டோம். மறுபக்கத்தையும் காண வேண்டும். 1807-ஆம் ஆண்டில் இலண்டனில், பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்த அடிமைகளுக்கென்றே ஒரு திருமறைப் பதிப்பு அச்சிடப்பட்டது. அதன் பிரதியொன்று அமெரிக்காவின் பிஸ்க் பல்கலைக்கழகத்தில் உள்ளது. 2018-இல் அது வாஷிங்டனிலுள்ள திருமறை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கும், புதிய ஏற்பாட்டில் பாதியும் அதில் இல்லை. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட வரலாறு இருக்கிறது. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுவிக்கப்பட்ட வரலாறு இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேற்றுமையில்லை என்னும் கலாத்தியர் நிருபப் பகுதியும் இல்லை. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதி மட்டும் பத்திரமாக இருக்கிறது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர்கள் அவிசுவாசிகள் அல்லர், நற்செய்திப்பணியில் ஆர்வமுடையவர்கள்.

கத்தரிக்கப்படாத திருமறையைக் கையில் பிடித்திருந்தும், பிரசங்கத்தில் கத்தரித்தவர்கள் பலர். ஹோவர்டு தர்மனின் பாட்டி நான்சி அம்புரோஸ் புளோரிடா மாநிலத்தில் அடிமையாக வாழ்ந்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறுவனாகிய ஹோவர்டுதான் அவருக்குத் திருமறை வாசிப்பான். சங்கீதங்களையும் ஏசாயாவையும் சுவிசேஷங்களையும் அவர் விரும்பிக் கேட்பார்; பவுலின் நிருபங்களை, எப்போதாவது அன்பைப் பற்றிய அதிகாரம் தவிர, வாசிக்க விடமாட்டார். காரணத்தைப் பல்லாண்டுகள் கழித்தே பேரன் கேட்டறிந்தார். எஜமானின் போதகர் வந்து பவுலின் பெயரால் அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்றே மீண்டும் மீண்டும் போதித்ததால், விடுதலை கிடைத்தால் அப்பகுதியை வாசிப்பதில்லை என்று அப்பெண்மணி உறுதி பூண்டிருந்தார். அதே பாட்டி, அடிமைகளுக்குள்ளிருந்தே எழுந்த போதகர் ஒருவர், நீங்கள் அடிமைகளல்லர், கடவுளின் பிள்ளைகள் என்று கூறியதையும் பேரனுக்குச் சொல்லிவைத்தார்.

1935-ஆம் ஆண்டு ஹோவர்டு தர்மனும் சூ பெய்லி தர்மனும் நல்லெண்ணப் பயணமாக இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தனர். அடுத்த ஆண்டு காந்தியடிகளையும் சந்தித்தனர். கொழும்புச் சட்டக் கல்லூரியில் தர்மன் உரையாற்றிய பின் ஒருவர் அவரை நேராகக் கேட்டார்: உம் முன்னோரைக் கப்பலேற்றி விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், இன்றும் உம் மக்களை ஒதுக்கிவைப்பவர்கள் கிறிஸ்தவர்கள், இந்நிலையில் நீர் எப்படிக் கிறிஸ்தவராக இருக்கிறீர்? இதுவே அக்கேள்வியின் சாரம். தர்மன் கிறிஸ்தவ உலகத்திற்காக வழக்காடவில்லை. ஆதிக்கத்தோடு கைகோத்த கிறிஸ்தவம் ஒன்று, ஒடுக்கப்பட்ட யூத மக்களிடையே ஏழையாகப் பிறந்த இயேசுவின் சமயம் மற்றொன்று என்று பிரித்துக் காட்டினார். அச்சிந்தனையின் கனியே 1949-இல் அவர் எழுதிய 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' என்னும் பொருள்படும் நூல். மார்ட்டின் லூத்தர் கிங்கின் தலைமுறையை உருவாக்கிய நூல்களுள் அதுவும் ஒன்று.

கொழும்பில் எழுந்த கேள்விக்கு விடைகூறும் ஆற்றலை தர்மன் இறையியற் கல்லூரியில் மட்டும் பெறவில்லை. பாட்டியின் அருகில் அமர்ந்தே பெற்றார் என்பது நமக்குப் பாடமாகும். பாட்டி தன் துயரத்தை மறைத்திருந்தால், பேரனிடம் விடை இருந்திராது.

7. முடிவுரை

ஆண்டில் ஒரு மாதம் மட்டும் போதுமா என்று அம்மக்களே கேட்கின்றனர். அது நியாயமான கேள்வி. குறிப்பிட்ட மாதத்தில் நினைத்துவிட்டு மற்றைய மாதங்களில் மறந்துவிடலாகாது. கறுப்பினத்தார் வரலாறு நாட்டின் பொது வரலாற்றில் உரிய இடம் பெறும் நாளில், தனி வாரம் தேவையற்றுப் போக வேண்டும் என்பதே உட்சனின் நோக்கமும் ஆகும். அந்நாள் இன்னும் வரவில்லை. 2025-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் நாட்டைப் பிளவுபடுத்தும் கருத்துகள் காட்டப்படுகின்றன என்று குறைகூறியது. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தையும் அது பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்ற போராட்டம் 1807-ஆம் ஆண்டின் கத்தரிக்கோலோடு முடிந்துவிடவில்லை என்பது தெளிவு.

அந்த அருங்காட்சியகம் 2016 செப்டம்பர் 24-ஆம் நாள் திறக்கப்பட்டபோது நாடாவை வெட்டும் வழக்கம் கைக்கொள்ளப்படவில்லை. வர்ஜீனியாவில் 1776-ஆம் ஆண்டு முதல் கூடிவரும் கறுப்பினத்தார் பாப்திஸ்து சபையொன்றின் ஆலயமணி கொண்டுவரப்பட்டது. அடிமையாகப் பிறந்த ஒருவரின் மகளாகிய 99 வயது மூதாட்டி, குடும்பத்தின் நான்கு தலைமுறையினரோடு நின்று, நாட்டின் தலைவர் உடனிருக்க அம்மணியை ஒலித்தார். அக்கூட்டத்தில் ஏழு வயதுச் சிறுமியும் இருந்தாள். அடிமைத்தனத்திற்கும் அச்சிறுமிக்கும் இடையே இருந்தவை சில கைகளே. நெடுங்காலத்துக்கு முன் நடந்தது என்று நாம் தள்ளிவைக்கும் காரியங்கள் எவ்வளவு அண்மையில் நடந்தவை!

கில்காலின் கற்கள் தாமாகப் பேசவில்லை. பிள்ளை கேட்க வேண்டும். அறிந்தவர் உண்மையைக் கூற வேண்டும். ரோஸின் பையும், நான்சி அம்புரோஸின் உறுதியும், 'தொலைந்த நண்பர்கள்' கடிதங்களும் நமக்குக் கற்பிப்பது இதுவே: ஒரு மக்களின் நினைவைக் காப்பது அரசுக்கு முன்பே குடும்பத்திற்கும் சபைக்கும் ஒப்புவிக்கப்பட்ட பணி. தன் காயங்களையும் தன் குற்றங்களையும் பிள்ளைகளுக்கு மறைக்கும் சபை, அவர்கள் வளர்ந்தபின் எதிர்கொள்ளப்போகும் கேள்விகளுக்கு விடையின்றி அவர்களை அனுப்பிவிடுகிறது. மறைக்காத சபையோ, மீட்பின் செய்தியை அதன் முழு ஆழத்தோடும் அவர்கள் கையில் ஒப்படைக்கிறது.